உப்பில்லை என்று சொன்னவர்

முத்துப்பேட்டைக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் வந்து சேரும் கடைசி வாய்க்காலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் கிணறு தோண்டுவது பெரிய காரியமே இல்லை. ஆளுயரத்துக்கு மண்ணை எடுத்தால் தண்ணீர் ஊறிவிடும். அதை வாயில் வைக்க முடியுமா என்பதுதான் பேச்சு. அப்படிப்பட்ட ஊரில் ஜெக்கரியா வீட்டுக் கொல்லைக் கிணறு மட்டும் இளநீர் மாதிரி தித்தித்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அல்லா கொடுத்தான் என்பாள் அவர் மனைவி சைத்தூன் பீவி. கொடுத்ததை அவள் பூட்டி வைக்கவில்லை. காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் பொழுது சாய்ந்த பிறகுதான் சாத்துவாள். தெருப் பெண்கள் குடத்தோடு வருவார்கள். கிழக்கே நடவு முடித்துவிட்டுப் போகிற பெண்கள் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு, வயிறு முட்டக் குடித்து, கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். அந்த வாளிக் கயிறு காய்ந்து யாரும் பார்த்ததில்லை.

ஜெக்கரியா குவைத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். பெட்டியைப் பிரித்து அத்தர் வாசனை போவதற்குள் திரும்பிப் போய்விடுவார். குவைத்தில் சண்டை வந்தது, கடை போயிற்று. பாலைவனத்தில் லாரியில் குலுங்கி, ஜோர்டான் வழியாக ஒற்றைப் பையோடு ஊர் வந்து சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. சேர்த்த காசு பாங்கில் கொஞ்சம் இருந்தது.

சைத்தூனுக்கு உள்ளூரச் சந்தோஷம். "இருக்கறதை வச்சுக் கஞ்சி குடிப்போம் மச்சான். வீட்டோட இருங்க, அது போதும்" என்றாள்.

போதுமாம்! இந்த மனுஷனுக்கு எங்கே போதும்? ஐந்து வேளை தொழுதது போக மீதிப் பொழுதை என்ன செய்வது என்று தெரியாமல், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்துல் ஹமீது வைத்திருந்த டெலிபோன் பூத்தில் போய் உட்கார ஆரம்பித்தார். அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற ஹமீதுதான் ஷேர் விஷயத்தைக் காதில் போட்டவன். பாங்கு வட்டி ஹராம், ஜெக்கரியா அதைத் தொடமாட்டார். "வட்டி வேற, ஷேர் வேற காக்கா. இதுல லாபத்துலயும் பங்கு, நட்டத்துலயும் பங்கு. வியாபாரம்தானே?" என்றான் ஹமீது. ஜெக்கரியாவுக்கு அது சரியென்று பட்டது. மன்னார்குடியில் ஒரு புரோக்கரைப் பிடித்தார்.

அது சின்னச் சின்னக் கம்பெனிகளெல்லாம் ஊருக்கு முன்னால் வந்து கையேந்தி நின்ற காலம். டைல்ஸ் என்றான் புரோக்கர், பாலிதீன் என்றான், தேக்குத் தோட்டம் என்றான். விண்ணப்பப் பாரம் வாங்கி நிரப்பிப் போட்டால் கொஞ்சம் கிடைக்கும், கிடைத்ததை வந்த சூட்டோடு விற்றால் லாபம். முதல் லாபத்தில் சைத்தூனுக்கு ஒரு கிரைண்டர் வாங்கி வந்தார். அவள் அதைத் துடைத்துத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, ஆட்டுக்கல்லிலேயே மாவாட்டினாள். கேட்டால், ஆட்டுக்கல் கிணற்றடியில் இருக்கிறது, நாலு பேரோடு பேசிக்கொண்டே ஆட்டலாம், கிரைண்டர் யாரோடு பேசும் என்றாள். ஜெக்கரியா தலையில் அடித்துக்கொண்டு பேப்பரில் ரேட்டுப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் 'மரைன் ரூபி அக்வா' வந்தது. இறால் பண்ணை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு எட்டாத வருஷங்களாகப் பார்த்து, பட்டணத்து ஆட்கள் வந்து மிராசுதார்களின் நிலத்தை விலை பேசி வாங்கினார்கள். ஊருக்குக் கிழக்கே வயலிருந்த இடமெல்லாம் குளமாயிற்று. கடல் தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்து நிரப்பினார்கள். பிறகு ஷேர் வெளியிட்டார்கள்.

ஜெக்கரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மற்றக் கம்பெனிகளை அவர் கண்ணால் கண்டதில்லை. இது கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. டைல்ஸ், பாலிதீன், தேக்கு எல்லாவற்றையும் விற்று, பாங்கில் இருந்ததையும் துடைத்தெடுத்து ரூபியில் போட்டார். சாயங்காலம் தவறாமல் பண்ணைக் கரைக்குப் போய், தண்ணீரில் சுற்றுகிற விசிறிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். டீக்கடையில் சும்மா விடுவார்களா?

"என்ன பாய், உங்க இறாலுக்கு மீசை முளைச்சிருச்சா?"

"முளைக்கட்டும், முளைக்கட்டும். உனக்கு ஏன்டா வயித்தெரிச்சல்?" என்று சிரித்துக்கொண்டே வருவார்.

ரேட்டு ஏறியது. அந்தக் காலத்தில் அவர் கால்கூடச் சிரித்துக்கொண்டுதான் நடந்தது.

ஒரு நாள் சைத்தூன் சோற்றைப் பரிமாறிவிட்டு நின்றாள். "மச்சான், நாலஞ்சு நாளா பருப்பு வேகமாட்டேங்குது. சோப்பும் நுரைக்கல. தண்ணி ஒரு மாதிரியா இருக்கு."

ஜெக்கரியா கை கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போய், ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தார். லேசாகக் கரித்தது. கண்ணீர் உதட்டில் பட்டால் எவ்வளவு கரிக்குமோ அவ்வளவுதான். ஆனால் கரித்தது.

உள்ளே வந்து, "பருப்பு பழசா இருக்கும். கடைக்காரனைக் கேக்கணும்" என்றார்.

கிழக்கே காலனிச் செவ்வந்திக்கு மூன்று மா நிலம் இருந்தது. அவள் அப்பா கூலிக்கும் குடிமனைக்கும் கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், கடைசிக் காலத்தில் கைக்கு வந்த நிலம். அவர்கள் வீட்டில் முதன்முதலாகச் சொந்த வயலில் நாற்று விட்டவள் செவ்வந்திதான். அந்த வருஷம் அவள் நாற்று நுனியிலிருந்து கருகியது. மறுபடி விட்டாள், மறுபடி கருகியது. பண்ணையிலிருந்து உப்பு கசிகிறது என்று காலனிப் பெண்கள் மறியல் செய்தார்கள். பண்ணைக்காரர்கள் அடியாள் வைத்திருந்தார்கள், போலீசும் வந்தது, செவ்வந்திக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். அதற்குள் ஆட்சி மாறியது, பஸ் ஸ்டாண்டில் கட்சிக் கொடிகள் இடம் மாறின. பண்ணை மோட்டார் மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார் என்றார்கள். செவ்வந்தி நேராக ஜெக்கரியா வீட்டுக்கு வந்தாள்.

"பாய், எங்க வயலைக் காட்டினா, இது எப்பவுமே களர்தான்னு பண்ணைக்காரன் சொல்லிருவான். உங்க கிணறு நல்ல தண்ணிக் கிணறுன்னு இந்தச் சுத்துப்பட்டுக்கே தெரியும். நீங்க உப்பாப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மோட்டாரை நிப்பாட்டிருவாங்க. கிணறும் பொழைக்கும், எங்க வயலும் பொழைக்கும்."

"சொல்லுவாரு, நீ போம்மா" என்றாள் சைத்தூன், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே.

ஜெக்கரியா ஹமீது பூத்துக்கு ஓடினார். புரோக்கருக்குப் போன் போட்டு, இருப்பதையெல்லாம் விற்றுவிடச் சொல்லலாம் என்றுதான் ஓடினார். "இப்பவா விக்கிறீங்க?" என்றான் புரோக்கர். "ஜப்பான் ஆர்டர் வந்திருக்குன்னு பேச்சு. இன்னும் ரெண்டு வாரம் பொறுத்தா எங்கேயோ போயிடும் பாய்." ஜெக்கரியா போனை வைத்தார். ரெண்டு வாரம்தானே. அதன் பிறகு விற்றுவிட்டு, தானே மறியலின் முன்னால் நின்று கத்துவது என்று முடிவு செய்தார். அவர் பொல்லாத மனுஷன் இல்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

அதிகாரி கொல்லைக்கே வந்துவிட்டார். பின்னால் ஊர் முழுக்க நின்றது. பண்ணை மேனேஜர் ஓரமாக நின்றான். செவ்வந்தி, தலையில் கட்டோடு, கிணற்றுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு டம்ளரில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். அதிகாரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, குடிக்க மனசில்லாமல் ஜெக்கரியாவிடம் நீட்டினார்.

"உங்க கிணறு. நீங்களே சொல்லுங்க பாய். உப்பா இருக்கா?"

ஜெக்கரியா டம்ளரை வாங்கி மடமடவென்று முழுசாகக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "உப்பெல்லாம் ஒண்ணும் இல்லைங்க சார். எப்பவும் போலத்தான் இருக்கு."

செவ்வந்தி சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போனாள். சைத்தூன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு வாளியைக் கழற்றி, கயிற்றைச் சுருட்டி, கூரை எறவாணத்தில் மாட்டினாள். கொல்லைக் கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் தண்ணீருக்கென்று யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை.

ரேட்டு ஏறத்தான் செய்தது. ஜெக்கரியா விற்கவில்லை. அந்த வருஷக் கடைசியில், கரையோர இறால் பண்ணைகளை மூடும்படி டில்லியில் பெரிய கோர்ட்டு சொல்லிவிட்டதாகப் பேப்பரில் வந்தது. ரூபியின் பட்டணத்து ஆபீசில் போன் எடுக்க ஆளில்லை. மோட்டாரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஷேரை எடைக்குக்கூட எவனும் கேட்கவில்லை. உப்பு மட்டும் எங்கேயும் போகாமல் கிணற்றிலேயே இருந்தது.

ஆற்றங்கரையில், நல்ல தூரத்தில், ஓர் அடிபம்பு உண்டு. ஒரு நாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்து வந்த ஜெக்கரியா, இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு தெருவில் இறங்குகிற மனைவியைப் பார்த்தார். ஊருக்கே தண்ணீர் கொடுத்தவள். ஓடிப்போய் குடத்தைப் பிடுங்கிக்கொண்டார். சைக்கிளில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குடம் கட்டினார். அவர் தள்ள, அவள் பின்னால் பிடித்துக்கொண்டு நடக்க, அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று.

முதலில் பேச்சில்லை. பிறகு மெல்ல மெல்ல வந்தது. அவர் குவைத்தில் இருந்த காலத்தில் இடி இடித்தால் அவள் எவ்வளவு பயப்படுவாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு நொங்கு பிடிக்கும், பலாப்பழம் பிடிக்காது என்பதும் தெரிந்தது. இத்தனை வருஷம் லீவுக்கு லீவு பலாப்பழமாக வாங்கிவந்து போட்டிருக்கிறார், பாவி!

ஒரு நாள் பாதி வழியில் அவள் கேட்டாள். "அன்னிக்கு ஏன் மச்சான் அப்படிச் சொன்னீங்க?"

சைக்கிள் நின்றது. "ரேட்டு ஏறும்னு நினைச்சேன்."

"ஏறுச்சா?"

"ஏறுச்சு."

"அப்ப வித்திருக்கலாம்ல?"

"இன்னும் ஏறும்னு நினைச்சேன்."

சைத்தூனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே அழுதார். அவள் பின்னாலிருந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி இரண்டு பேர் காலும் நனைந்தது.

அதற்குப் பிறகு ஜெக்கரியா ஹமீது பூத்துப் பக்கம் போகவில்லை. விடியுமா விடியுமா என்று காத்திருந்தது தண்ணீருக்காக இல்லை, அந்த நடைக்காகத்தான். சம்பாதிக்கப் போய்த் தொலைத்த வருஷங்களையும், சம்பாதித்ததைத் தொலைத்த வருஷங்களையும் நினைத்து நெஞ்சு வலிக்கும். ஆனாலும் சந்தோஷமாக இருந்தார். அப்படி இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும், அவ்வளவுதான் வாய்த்தது.

ஒரு பங்குனி மாசத்துப் பகலில், அரிசி களைந்துகொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டரைக் கூப்பிடப் போன ஆள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மய்யித்தைக் குளிப்பாட்ட வயசான பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். கொல்லையில் திரை கட்டினார்கள். இலந்தை இலை வந்தது, கற்பூரம் வந்தது. வீட்டில் காலையில் கொண்டுவந்த குடத்தில் பாதிதான் இருந்தது. கிணற்றில் தண்ணீர் நிறையக் கிடந்தது.

"கிணத்துத் தண்ணியே போதும் தம்பி" என்றாள் ஒருத்தி. "கடல் தண்ணியும் சுத்தம்தான். மார்க்கத்துல தடையில்ல." ஒரு பையன் எறவாணத்திலிருந்து கயிற்றை எடுக்கக் கை நீட்டினான்.

"வேணாம்!" என்று கத்தினார் ஜெக்கரியா. வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். "அது உப்பு. அது உப்புத் தண்ணி. அன்னிக்கே உப்புதான். நான் பொய் சொன்னேன். எல்லார் முன்னாடியும் பொய் சொன்னேன். உப்புத் தண்ணியில அவளைக் குளிப்பாட்டாதீங்க."

சொல்லிவிட்டுச் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். அவரை யாரும் ஏசவில்லை. கூட்டம் மெல்லக் கலைந்தது, போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் ஒரு குடத்தோடு வந்தாள். அவள் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி. அப்புறம் அடுத்த தெரு. ஒவ்வொரு வீட்டிலும் அன்றைக்குக் குடிக்கவென்று அடிபம்பிலிருந்து சுமந்துவந்து வைத்திருந்த தண்ணீர். வரிசையாக வந்து திரைக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் காலனியிலிருந்து செவ்வந்தி வந்தாள். நெற்றியில் தையல் போட்ட வடு அப்படியே இருந்தது. இடுப்புக் குடத்தை அவர் முன்னால் இறக்கினாள்.

"செவ்வந்தி, உன்கிட்ட நான்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"தெரியும் பாய். அன்னிக்குச் சாயங்காலமே அக்கா எங்க வீட்டுக்கு வந்துச்சு. வாசல்ல நின்னு அழுதுச்சு. 'அவரு கெட்டவரு இல்ல செவ்வந்தி, தனியாவே கிடந்து எல்லாத்தையும் சம்பாதிச்சே ஆகணும்னு பழகிட்டாரு. அவரை வெறுத்துராத'ன்னுச்சு." அவள் மூக்கைச் சிந்தினாள். "நான் வெறுத்தேன் பாய், பொய் சொல்லல. ஆனா அக்கா கேட்டுச்சு. புடிங்க, நேரமாவுது."

ஜெக்கரியா எழுந்து அந்தக் குடத்தைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் கொஞ்சம் சிந்தி உதட்டில் தெறித்தது. நல்ல தண்ணீர். மேலும் சிந்தாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து, திரைக்குள் நீண்ட கைகளில் கொடுத்தார். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அது முடிகிற வரைக்கும் அவர் அங்கேயே நின்றார்.