பதாகையை அறுத்தவர்

டொரண்டோவின் பார்க்டேல் பகுதி அகதிக் குடும்பங்களுக்கு எங்கள் சங்கம் அரிசி அனுப்பியபோது வாகனம் ஓட்ட வந்தவர், முன்பு ஈழத்துப் போர்முனையில் நிவாரண லொறி ஓட்டியவராம். நரைத்த தாடி, சிரித்துப் பழகாத வாய்.

அரிசியைவிடப் பெரிதாக நான் அச்சடித்து வாகனத்தில் கட்டிய பதாகையைக் கத்தியால் அறுத்தெறிந்தார்.

“சோத்துக்கு விளம்பரமோ?”

“அண்ணை, நிவாரண வாகனமெண்டு சனத்துக்குத் தெரிய வேண்டாமே?”

“நாங்களும் தெரியட்டுமெண்டுதான் லொறிக் கூரையிலை பெரிசா அடையாளம் கீறினனாங்கள். அதைப் பாத்துத்தான் விமானம் குண்டு போட்டது. எனக்குப் பக்கத்திலை இருந்து செத்தவனும் உம்மைப்போல வாய் ஓயாதவன்தான்.”

“இது டொரண்டோ அண்ணை.”

“அப்ப நீரே ஓட்டும்.”

எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து இருக்கையில் ஏறினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவர் யன்னல் கண்ணாடியை இறக்கி மேலே வானத்தைப் பார்த்தார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனாலும் கடைசி விளக்கில் நானும் அண்ணாந்து பார்த்தேன்.