இரும்புக் கையும் பட்டறைத் தெருவும்

என் மடத்தனம் எழுபதுகளில் தூத்துக்குடிப் பட்டறைத் தெரு முழுக்கத் தெரியும்; எனக்குத்தான் தெரியாது. உப்பு மூட்டை தூக்கும் இரும்புக் கை ஒன்று செய்துகொண்டிருந்தேன். யோசனையைத் திருடிவிடுவார்களே என்று பயந்து, லேத்துக்காரரிடம் விரல்களை ஜன்னல் கொக்கி என்றும், வெல்டரிடம் மணிக்கட்டைக் கட்டில் கால் என்றும், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் கடைக்காரரிடம் மோட்டார் மாவாட்ட என்றும் புளுகினேன்.

பாகங்களை வாங்கிவந்து வீட்டில் பூட்டி முடித்தேன்; மறுநாள் உப்பள முதலாளி பார்க்க வருகிறார். கையோ மூட்டையைப் பிடிக்க மறுத்தது. ஆர்டர் போச்சு என்று சொந்தக் கைகளைத் தலையில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது மூவரும் சேர்ந்து வந்தார்கள். லேத்துக்காரர் புதிதாய்க் கடைந்து வந்த பல்சக்கரத்தை மாட்டினார். விரல்கள் மூட்டையைக் கவ்வின.

“இது கைன்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?” என்று லேத்துக்காரரிடம் கேட்டேன்.

“ஒங்கிட்ட குடுக்கதுக்கு முந்தியே டீக்கடையில மூணையும் சேத்து மாட்டிப் பாத்துட்டோம்லே.”