லாக் உள்ளதா, இல்லாததா?

பழனிசெட்டிபட்டியில் மெக்கானிக்குகளுக்கான டூல்ஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் சாமானை விற்பது சுலபம், "இதா, அதா" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதுதான் பாடு. கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றிருந்தால் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். என்னைப் படுத்தியது தலை மடங்கும் ராட்செட் ஸ்பானர். கழுத்து மடங்குவதால் இடுக்கில் இருக்கும் போல்ட்டையும் கழற்றலாம். அதில் இரண்டு வகை. லாக் உள்ளது, மடக்கிய இடத்திலேயே நிற்கும். லாக் இல்லாதது, எந்தப் பக்கமும் சாயும்.

விரல் அகலச் சந்து

கடை திறந்த புதிதில் யார் கேட்டாலும் லாக் உள்ளதையே தலையில் கட்டுவேன். சின்னமனூர் முருகேசன் லோடு வேன் மெக்கானிக். லாக் இல்லாததைக் கேட்டவரைப் பேசிப் பேசி மாற்றி அனுப்பினேன். மறுநாளே வந்துவிட்டார். ஸ்டார்ட்டர் மோட்டார் போல்ட்டுக்குப் போகும் சந்து விரல் அகலம்தானாம். லாக் பட்டன் இருக்கும் தலை தடிமன், நுழையவில்லை. வேன் கிளம்பாததால் அதில் இருந்த திராட்சைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வேறு வண்டிக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது.

திட்டுவார் என்று நின்றேன். அவர் ராட்செட்டைத் துணியால் துடைத்து மேஜையில் வைத்தார். "சாமானைக் குறை சொல்லலண்ணே. இனிமே குடுக்கிறதுக்கு முந்தி, எங்கன மாட்டப் போறீகன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

மகள் வாங்கியது

போடி ஜீப் மெக்கானிக் செல்வராசுவின் மகள் பள்ளிக்கூட டீச்சர். ஒரு நாள் தனியாகக் கடைக்கு வந்தாள். வேலை பார்க்கும்போது ராட்செட் தலை சாய்ந்து, அப்பாவின் முன்கை சூடான சைலன்சரில் பட்டுவிட்டதாம். தழும்பு எவ்வளவு நீளம் என்று தன் கையிலேயே கோடு இழுத்துக் காட்டினாள். "சாயாத மாதிரி ஒண்ணு குடுங்கண்ணே" என்றாள். லாக் உள்ளதைக் கொடுத்தேன்.

பத்து நாளில் செல்வராசு வந்து லாக் இல்லாதது ஒன்று கேட்டார். ஜீப்பில் போல்ட்டுக்குப் போல்ட் கோணம் மாறும். ஒவ்வொரு தடவையும் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தால் அவருக்கு வேலை ஓடவில்லை. பழைய ராட்செட்டோ பல் தேய்ந்து வழுக்குகிறது. மகளுக்காக ஒன்று மட்டும் மாறியிருந்தது: அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். "பாப்பா வாங்கினதை மாத்திக்கிறீகளா?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "அது டூல் பாக்ஸ்ல மேலாக்க இருக்கட்டும். பாப்பா வந்து கேட்டா, அப்பா அதுலதான் வேலை பாக்குறாருன்னு சொல்லிருங்க."

இடது கை

உத்தமபாளையம் பாண்டி டிராக்டர் மெக்கானிக். பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது. பழகாத இடது கையோ எதைப் பிடித்தாலும் நடுங்கும். மனைவி பேச்சியம்மாளோடு வந்தார். சொந்தக்காரர்கள் பெட்டிக்கடை வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குச் சரி சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை ஸ்பானர் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

மேஜையில் இருந்த வைஸ் இடுக்கியில் நட்டோடு ஒரு போல்ட்டைப் பிடித்து வைத்தேன். பழக்கத்தில் லாக் இல்லாததை எடுத்தார். தலை தொங்கியது. அதை நிமிர்த்திப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். பேச்சியம்மாள் கையை நீட்டினார், என்ன நினைத்தாரோ, இழுத்துக்கொண்டார். லாக் உள்ளதைத் தோதாக மடக்கி நிறுத்திக் கொடுத்தேன். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை நட்டைக் கவ்வியது. இறுக்கினார். கழற்றினார். மறுபடி இறுக்கினார். நான் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனபோது பட்டறையில் எட்டிப் பார்த்தேன். டிராக்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பாண்டி மெதுவாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கை இன்னும் நடுங்குகிறதே என்று பேச்சியம்மாளிடம் கேட்டுவிட்டேன். "கை நடுங்குனா நடுங்கிட்டுப் போகுதுண்ணே. அந்தத் தலை ஆடாம நின்னா, மிச்சத்த இவுக பாத்துக்கிருவாக."

ஒரு ராட்செட் விற்க ஒரு மணி நேரம் கதை கேட்டால் கடை எப்படி ஓடும் என்கிறாள் என் மனைவி. ஓடுகிறது, கொஞ்சம் நொண்டிக்கொண்டு.