கவிழ்த்த டிரம்

தாராவியில் இட்லி அவித்து விற்கிற ஆறுமுகத்தாய், வீட்டு டிரம்மில் தண்ணீர் அடிவரை வற்ற விடமாட்டாள். வற்றினால் வீட்டுக்கு ஆகாது என்பது திருநெல்வேலியிலிருந்து அவள் குடும்பத்தோடு வந்த நம்பிக்கை. அதனால் பழைய தண்ணீர் மேலேயே புதுசை ஊற்றிவந்தாள். இந்த மழைக்கு மகள் மாலதி டெங்குவில் படுத்துவிட்டாள், பிழைத்தது மறுபிறவி.

கொசு ஒழிப்புக்கு வந்த முனிசிபாலிட்டி ஆள் இசக்கிதுரை டிரம்முக்குள் டார்ச் அடித்துக் காட்டினான். கொசுப்புழுக்கள் நெளிந்தன.

“அத்தே, வாரம் ஒருக்க கவுத்தித் தேச்சுக் காய வைக்கணும். இல்லன்னா ஃபைன் போடுவாவ.”

“தப்பு எம்மேலதாம்லே, கவுத்துதேன். ஆனா பைப்புல நெனச்சா தண்ணி வருது, நெனச்சா நிக்கி. கவுத்திட்டு எதுல இட்லி அவிக்க, ஒன் டார்ச்சுலயா?”

“அத ஆபீஸ்ல கேளுங்க.”

“கேக்கத்தாம் போறேன்.”

மறுநாள், தேய்த்துக் காயவைத்த டிரம்மை உருட்டிக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனாள். சந்துப் பெண்களும் ஆளுக்கொரு டிரம்மோடு பின்னால் வந்தார்கள். அதிகாரி மனு எழுதித் தரச் சொன்னார்.

ஆறுமுகத்தாய் இந்தியும் தமிழுமாகச் சொன்னாள்: “காய்ச்சல் வந்த பொறவு மருந்து குடுக்கீங்க, நல்லது சாப். வராம இருக்கதுக்கு தெனமும் தண்ணி குடுங்க. அதுவும் சர்க்கார் வேலதான். நாங்க டிரம்மக் கவுத்தியாச்சு, நீங்க பைப்பத் தொறங்க.”

டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். “பைப்பச் சரிபண்ணுத ஆளு எங்க சந்துக்குக் கெளம்பட்டும், எந்திரிக்கேன்.”

மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்த அதிகாரி போனை எடுத்தார். பைப்பு ஆள் சாமான் பையோடு ஆபீஸ் வாசலைத் தாண்டிய பிறகுதான் அவள் எழுந்தாள்.