இருந்தது ஒரே லைன்

என் கணவர் குளிக்கப் போகும்போதுகூட அந்தப் பேஜரைக் கொண்டுபோய்ச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். ஆபீஸில் கொடுத்தது. அங்கே ஏதாவது கோளாறென்றால் கத்தும். அது கத்தினால், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார். ஃபோன் வயரைக் கம்ப்யூட்டரில் செருகி, ஆபீஸ் வேலையில் உட்கார்ந்துவிடுவார். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு இருந்தது ஒரே லைன். அவர் உட்கார்ந்தால் வீட்டுக்கு ஃபோன் வரவும் வராது, போகவும் போகாது.

அவரோடு வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர், சனி ஞாயிறு ஆனால் பேஜரை டிராயரில் போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவார். யாரும் அவரை ஏனென்று கேட்டதில்லை. "அவனுக்கென்ன, சிட்டிசன். நமக்கு க்ரீன் கார்டு ப்ராசஸ் ஆகுது. இப்போ போய் முறைச்சுக்க முடியுமா?" என்பார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈரோட்டில் அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. திங்கட்கிழமை கோயம்புத்தூரில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவோம், பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மஞ்சள் மண்டியில் ஏலம் கூவிய குரல் அது. அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன், ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலையில், நான் கூப்பிடுவதாகப் பேச்சு. அங்கே ஃபோன் பக்கத்து வீட்டில்தான். அப்பா அங்கே வந்து காத்திருப்பார்.

ஊருக்குப் பேச வாங்கிய காலிங் கார்டை நான் கையில் எடுக்கவும் பேஜர் கத்தவும் சரியாக இருந்தது.

"ஏங்க, இன்னைக்கு உங்க முறையே இல்லையே?"

"அந்த மீன் பிடிக்கிறவன் எடுக்கலையாம். அதான் என்னைக் கூப்பிடறாங்க. அஞ்சே நிமிஷம்மா, ப்ளீஸ்."

அந்த ஐந்து நிமிஷத்தில் நான் சமையலையே முடித்துவிட்டேன். கேட்டபோதெல்லாம் "இதோ, இதோ" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். அப்படி என்ன தலைபோகிற வேலை? ஏதோ ரிப்போர்ட் பிரிண்ட் ஆகவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை அதை எந்த மகராசன் படிக்கப் போகிறான்? வெளியே பனி கொட்டிக் கிடந்தது. எனக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. கடைத்தெருவில் இருந்த பொது ஃபோனுக்கு நடந்து போகவும் வழியில்லை. ஈரோட்டில் இருட்டியிருக்கும். அப்பாவைக் கூட்டிப்போக வண்டி வந்திருக்கும்.

போதும் என்று தோன்றியது. போய் வயரைப் பிடுங்கினேன்.

"ஐயோ, என்ன பண்ற நீ? பாதியில கட் ஆயிடுச்சு! என் வேலை போயிடும்!"

"போகட்டும்" என்று சொல்லிவிட்டு, வயரை ஃபோனில் செருகி நம்பரைப் போட்டேன். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார்.

"கண்ணு, நல்லாருக்கியா? சாப்டியா?" குரல் கரகரத்திருந்தது. ஆனாலும் அப்பா குரல்தான்.

வாரமெல்லாம் என்னென்னவோ பேச வேண்டும் என்று வைத்திருந்தேன். அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. பின்னால் இவர் நிறுத்தவேயில்லை. "ஆபீஸ்ல என்ன பதில் சொல்லுவேன்? லைன் வேணும் எனக்கு!" அத்தனையும் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது.

"ஏங் கண்ணு, மாப்பிள்ளை சத்தம் போடறாரு? ஆபீஸ் வேலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைப்பா. நீங்க பேசுங்க. ஏதாவது பேசுங்க."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன். கம்பெனிக்காரன் கோவிச்சுக்குவான், பாவம் மாப்பிள்ளை. நீ போனை வெச்சிரு கண்ணு."

நான் வைக்கவில்லை. அவர்தான் வைத்தார்.

மறுபடி போடலாம் என்று நம்பரை அழுத்தினால் ரிசீவரில் சத்தமே இல்லை. வயர் அதற்குள் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகும் அப்பா பல வருஷம் இருந்தார். ஆனால் நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு, இவருடைய ஆபீஸ்காரனுக்கு லைனை விட்டுக்கொடுக்கச் சொன்னதுதான்.