துண்டுக்குள் போன ஸ்போர்ட்ஸ் கார்

குழு நண்பர்களே, இன்று மகளுடன் நசரத்பேட்டையில் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனேன். பதினெட்டு வயதுக்காரி, இன்ஜின் சத்தத்தைக் கேட்டதுமே "அம்மா, இதான்" என்றாள்.

கார் தரகர் முன்பு மாடு விற்றவர். விலையை வாயால் சொல்ல மாட்டார். மாட்டுச் சந்தை வழக்கப்படி, துண்டுக்குள் வாங்குபவரின் விரலைப் பிடித்துத்தான் பேசுவார். நான் கையை நீட்டினேன். பதறிப் பின்வாங்கினார்.

"இன்னாம்மா இது! பொம்பள கையப் புடிச்சா நல்லாவா கீது? ஊட்டுக்காரர இட்டுகினு வா."

"பணம் என்னோடது. ஓட்டப் போறது இவ. அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

தரகர் பெண்களை மதிப்பவர். எனவே பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவரைக் கூப்பிட்டார். "அண்ணாத்தே, அம்மாவுக்குப் பதிலா நீ கையக் குடு."

முன்பின் தெரியாத அந்த மனிதர் துண்டுக்குள் எனக்காகப் பேரம் பேசினார். "நல்ல வெலைதாம்மா" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் பெங்களூர் பக்கம் போய்விட்டார்.

"எவ்ளோ?" என்று மகள் தரகரைக் கேட்டாள்.

"ஊட்டுக்காரர் வரட்டும். அவரு காதுல சொல்றேன்."

திரும்பும் பஸ்ஸில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீ ஏம்மா அங்க கத்தல?"

இப்போது கத்துகிறேன். பெங்களூர் சாலையில் அந்த லாரி டிரைவரை யாராவது பார்த்தால், என் கார் என்ன விலை என்று கேட்டுச் சொல்லுங்கள்.