கேட்காமல் எழுதிய ஐந்து வரிகள்

கண்டியில் டாக்டர் எழுதித் தந்த கடிதம் என் கைப்பையின் உள்ளறையில் இருந்தது. மகனுக்கு ஆட்டிசம், பேச்சு இன்னும் வரவில்லை, பயணத்தில் உதவி தேவைப்படலாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். இரண்டு நாளைக்கு முன்பே அறிவித்தால் வேண்டிய ஏற்பாடு செய்வோம் என்று விமானக் கம்பெனியின் இணையப் பக்கத்திலும் இருந்தது. அதை வாசித்தேன். வாசித்த பிறகும் நான் அறிவிக்கவில்லை.

அதே பக்கத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்ததுதான் காரணம். ஒரு பயணியின் நடத்தை மற்றவர்களுக்கு இடையூறு என்று ஊழியர்கள் கருதினால் ஏற்ற மறுக்கலாமாம். நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவள். எந்தக் காகிதத்திலும் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் நம்புவேன்.

சென்னையில் தமிழிலேயே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஓர் இடத்தில் எங்களுக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருந்தார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்தது. விமானத்தில் ஏற்றாவிட்டால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும்.

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் ஊர் நோர்வூட்டில், விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் எங்களை ஏற்றிவிடும்போது ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"கேட்டா சொல்லு. கேக்காட்டி நீயா வாயக் குடுக்காத."

"கேட்டா என்னன்னுங்க சொல்றது?"

"தூக்கக் கலக்கம்னு சொல்லு."

"ஆறு வயசுப் புள்ள கைய ஒதறிக்கிட்டே குதிக்கிறது தூக்கக் கலக்கமாங்க?"

"டீச்சர் நீயா, நானா? நீயே ஒண்ணு யோசி."

அவருடைய அக்கா ஒரு பழைய படங்கைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து மகன் மடியில் வைத்தார். கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாக்குத் துணி அது. எவ்வளவு துவைத்தாலும் பச்சைத் தேயிலை வாசம் போகாது. மகன் கலங்கிப்போனால் அதை உடம்போடு இறுக்கிச் சுற்றினால்தான் அடங்குவான்.

விமான நிலையத்தில் டிக்கெட் பார்த்த இளைஞர் மகனைக் கவனித்துவிட்டு, "பிள்ளைக்கு ஏதாவது சுகமில்லையா?" என்று கேட்டார்.

"தூக்கக் கலக்கம்" என்றேன். அவர் சிரித்தார். நம்பிவிட்டாரா, நம்பியதுபோல் காட்டினாரா என்று உள்ளே போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பைகளைச் சோதிக்கும் இடத்தில் அதிகாரி படங்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன்.

"ஏன், பிளேனுக்குள்ளே கொழுந்து பறிக்கப் போறீங்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். துணி கைக்கு வந்தால் போதும் என்றிருந்தது.

எங்களுக்குக் கிடைத்தது நடு இருக்கையும் நடைபாதைப் பக்க இருக்கையும். முன்பே சொல்லியிருந்தால் ஜன்னல் ஓரம் தந்திருப்பார்கள். விமானத்துக்குள் இரைச்சல் தொடங்கியதும் மகன் கத்தினான். முன் இருக்கையைக் காலால் உதைத்தான். அதில் இருந்தவர் திரும்பி, "புள்ளைய அடக்கத் தெரியாட்டி எதுக்குக் கூட்டிக்கிட்டு வாறீங்க?" என்றார்.

விமானப் பணிப்பெண் ஒருவர் வேகமாக வந்தார். நாற்பது வயதிருக்கும். அவர் மகனைத் தொடவில்லை. அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, "பயவென்ன எபா" என்று மெதுவாகச் சொன்னார். பயப்படாதே என்று அர்த்தம். பிறகு என் பக்கம் திரும்பி, சிங்களத்தில், "ஆட்டிசமா?" என்று கேட்டார்.

"இல்லை. பயம்" என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். கதவு இன்னும் மூடவில்லை. இறங்கச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். அவரோ சத்தம் கேட்காமலிருக்கக் காதில் மாட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். மகன் அதைப் பிய்த்து எறிந்தான். அப்போதுதான் கவனித்தேன்: தலைக்கு மேலிருந்த சின்னத் துளையிலிருந்து அவன் உச்சியில் காற்று நேராக விழுந்துகொண்டிருந்தது. அவர் போனதும் எழும்பி அதைத் திருகி மூடினேன். படங்கைச் சுற்றினேன். அழுகை விக்கலாகி நின்றது.

அவர் திரும்பி வந்தார். "பெல்ட் உடம்போடு இருக்கட்டும். சாக்கு அதுக்கு மேலே. பக்கிள் என் கண்ணுக்குத் தெரியணும்" என்று தானே காட்டிச் சரிசெய்ய வைத்தார். அவன் கத்தியது விமானத்தின் சத்தத்துக்குத்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் திருத்தவில்லை.

மேலே பறந்த பிறகு, முன்னால் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்று அவர் கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டச்சு செய்வதைப் பார்த்தேன். நிமிர்ந்து எங்கள் இருக்கை எண்ணைப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

எங்கள் ஊரில் ஒருவர் நம்மைப் பார்த்துப் பார்த்து எழுதினால் அது நல்லதுக்கு இருக்காது. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கண்டாக்கு என்கிற மேற்பார்வையாளர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால், கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு வாய் உலர்ந்துவிடும். என்ன எழுதினார் என்று யாரும் காட்டமாட்டார்கள். பிறகு ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள். நாங்கள் இறங்கும்போது அந்தப் பணிப்பெண் சிரித்த முகத்தோடு வழியனுப்பியது என் சந்தேகத்தைக் கூட்டியது.

சென்னையில் மகன் நன்றாகவே பழகினான். தண்ணீர்ப் படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்கப் படித்தான். எனக்கு மனம் முழுக்க அங்கே இல்லை. திரும்பிப் போக விடாவிட்டால் என்ன செய்வது? யாரைக் கூப்பிடுவது? முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமா? இப்போது சொன்னால் அன்று பொய் சொன்னது வெளியே வந்துவிடாதா?

திரும்பும் நாள் காலையில் டிக்கெட் பார்த்த பெண் கணினித் திரையைப் பார்த்துப் புருவம் சுருக்கினாள். "ஒரு நிமிஷம் மேடம்" என்று உள்ளே போய், மூக்குக் கண்ணாடி போட்ட மேலாளரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் இரண்டு பாஸ்போர்ட்டையும் கைக்குள் இறுக்கிப் பிடித்தேன்.

"பையனப் பத்தி இதுல ஒரு குறிப்பு இருக்கு மேடம்" என்றார் அவர்.

"அவனுக்கு ஒண்ணும் இல்லைங்க சார்."

சொல்லி முடிக்கும்போதே மகன் படங்கைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு எங்களுக்கு நடுவில் குதிக்க ஆரம்பித்தான். மேலாளர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார்.

ஆங்கிலத்தில் ஐந்து வரி. பிள்ளை பேசுவதில்லை. தொடுவதற்கு முன் சொல்லவும். முன் வரிசைகளில் ஜன்னல் ஓரம் கொடுக்கவும். சாக்குத் துணியை வாங்க வேண்டாம். சத்தத்துக்குப் பயம்.

மூன்று தடவை வாசித்தேன். அடியில் சின்ன எழுத்தில் எதுவும் இல்லை.

"உங்களக் கேக்காம எழுதிட்டாங்க போல. அது தப்புதான். வேணாம்னா எடுத்துடறேன்" என்றார்.

"இத யாரெல்லாம் பார்ப்பாங்க? எவ்வளவு நாளைக்கு இருக்கும்?"

"எனக்குத் தெரிஞ்சு இந்த டிக்கெட்டோட சரி மேடம்."

எனக்குத் தெரிஞ்சு என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. மகன் வளர்ந்து எங்காவது வேலைக்குப் போகும்போது இந்த ஐந்து வரி ஏதோ ஓர் இயந்திரத்திலிருந்து எழும்பி வராது என்று யார் சொல்வது? அந்தப் பணிப்பெண் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்பதும் உண்மை. எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண் கடைசி வரியிலேயே நின்றது. பிழையாக எழுதியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

"சத்தம் இல்லைங்க சார்" என்றேன். "காத்து. தலையில காத்துப் பட்டாத்தான் தாங்கமாட்டான். மேல இருக்கிற அந்தத் தொளைய மூடி வைக்கணும்."

அவர் அந்த வரியை அழித்துவிட்டு எழுதினார். "வேற ஏதாவது?"

கைப்பையின் உள்ளறையைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். வீட்டில் வாசித்து மடித்துவைத்த மடிப்பு அதன்பிறகு பிரியாமலே இருந்தது.

விமானத்தில் எங்களுக்கு மூன்றாவது வரிசை. மகன் படங்கோடு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டான். பெல்ட்டின் பக்கிளை வெளியே எடுத்துவிட்டேன். பிறகு எழும்பி, அவன் தலைக்கு மேலிருந்த துளையின் கீழ் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று வரவில்லை. உட்கார்ந்தேன். கதவு மூடுவதற்குள் இன்னொரு தடவை எழும்பி வைத்துப் பார்த்தேன்.